பெயிண்டிங்ல வர்ற வெள்ளத்த எப்படிப் படிக்கிறது, நம்ம படத்துல எப்படிக் கொண்டு வர்றது

வெள்ளம் இருக்குற லேண்ட்ஸ்கேப் ஒன்ன பாத்த உடனே "அழிவு", "இயற்கையோட சீற்றம்"னு சொல்லிட்டு அடுத்த படத்துக்குப் போயிடுற பழக்கம் நெறைய பேருக்கு இருக்கு. பாதி படங்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது. வெள்ளத்த அமைதியா வரைஞ்சவங்க இருக்காங்க, வசந்த காலத்தோட வரவா வரைஞ்சவங்க இருக்காங்க, செழிப்பா வரைஞ்சவங்களும் இருக்காங்க. அதனால முதல்ல படத்த எப்படிப் பாக்கணும்னு சொல்றேன், அப்புறம் நீங்களே வரையிறப்போ என்னென்ன கவனிக்கணும்னு பாக்கலாம், ரெண்டாவது பகுதி கொஞ்சம் நீளம், பிரஷ் பிடிக்காதவங்களும் படிங்க, ஏன்னா அது தெரிஞ்சா பாக்குற கண்ணே மாறிடும்.

முதல் வேலை, தண்ணிய விட்டுடுங்க. ஆமா, வெள்ளப் படத்துல தண்ணிய கடைசியா பாத்தா போதும். தண்ணிக்கு மேல நீட்டிட்டு இருக்குற சாமான்கள மட்டும் பாருங்க. வேலிக் கம்பம், கதவோட மேல் பாதி, நடு உடம்பு வரைக்கும் முங்கின மரம், ஜன்னலுக்குப் பக்கத்துல நிக்குற படகு. தண்ணிய மட்டும் தனியா வெட்டி எடுத்துப் பாத்தீங்கன்னா அது ஏரியா ஆறான்னு கூட சொல்ல முடியாது, இது வெள்ளம்னு சொல்றதே அந்த சாமான்கள் தான், அப்போ அர்த்தமும் அங்க தான இருக்கும். ஓவியர் எதை முங்க விட்டாரு, எதை வெளிய விட்டு வச்சாருங்கறது முழுக்க அவரோட முடிவு.

இதுக்கு நல்ல உதாரணம் ஓவியர் அல்ஃப்ரெட் சிஸ்லே. 1876ல பிரான்ஸ்ல சேன் நதி கரை தாண்டி போர்-மார்லிங்கற சின்ன ஊருக்குள்ள வந்தப்போ அவரு பக்கத்துல மார்லி-லெ-ருவால தான் குடியிருந்தாரு, அந்த வெள்ளத்த ஒரு தடவைல விடாம வரிசையா பல கேன்வாஸ்ல வரைஞ்சாரு. அதுல ரொம்ப பிரபலமானது இப்போ பாரிஸ்ல ஓர்சே மியூசியத்துல இருக்கு. இடது பக்கம் ஒயின் வியாபாரி ஒருத்தரோட வீடு, அதோட காலடியில படகுங்க, படகுல ஆளுங்க, வலது பக்கம் தெருவோர மரங்க தண்ணிக்குள்ள நிக்குது, மேல பெரிய மேகங்க, கீழ அதே மேகங்க. யாரும் அலறல, யாரும் கூரை மேல ஏறல. தெருவுல நடக்க வேண்டியவங்க படகுல போறாங்க, அவ்வளவு தான் மாற்றம். அந்த மரங்க ஒரே வரிசைல நிக்குறதப் பாத்தா தான் இது ரோடுன்னு நமக்கு உறைக்குது, அது இல்லேன்னா ஏதோ ஆத்தங்கரை வீடுன்னு நெனச்சிட்டுப் போயிடுவோம். சோகத்த வரையாம, ஒரு ஊரு தன்னோட அடையாளத்த கொஞ்ச நாளைக்கு இழந்துட்டு நிக்குறத வரைஞ்சிருக்காரு, வானம் கீழ எறங்கி தெருவுல படுத்திருக்கு, அதப் பாக்க அழகா வேற இருக்கு. அழகா இருக்குறது தான் அந்தப் படத்தோட சங்கடமே.

அடுத்தது, வெள்ளம் எந்தக் கட்டத்துல இருக்குன்னு பாருங்க. ஏறிட்டு இருக்கா, அப்படியே நிக்குதா, வடியுதா. இத கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சுது. ஏறுற வெள்ளத்துல ஆளுங்களோட உடம்பு மேல் நோக்கி இழுபடும், கை நீளும், எல்லாரும் ஏதோ ஒன்னப் பிடிக்கப் பாப்பாங்க. நிக்குற வெள்ளத்துல எல்லாமே படுக்கைக் கோடு, நேரம் நின்னு போன மாதிரி. வடியிற வெள்ளத்துல சேறும் கறையும், இத வரைஞ்சவங்க ரொம்ப கம்மி, ஏன்னு தெரியல, எனக்கு அது தான் மூணுலயும் ஆழமான கட்டமா தோணுது.

ஏறுற வெள்ளத்துக்கு பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா பூசான் வரைஞ்ச "குளிர்காலம்" படத்தப் பாருங்க, "பிரளயம்"னும் சொல்வாங்க, 1660க்கும் 1664க்கும் நடுவுல ரிஷெல்யூ டியூக்குக்காக வரைஞ்ச நாலு பருவங்கள் வரிசைல கடைசிப் படம், பாரிஸ்ல லூவ்ர மியூசியத்துல இருக்கு. பைபிள்ல வர்ற நோவா காலத்து வெள்ளம், ஆனா அலை பொங்கி எழுறது, ஊரே இடியிறதுன்னு எதுவும் கெடையாது. மொத்தப் படமும் சாம்பல் நிறம், சூரியன் ஒரு வெளிறின தட்டு மாதிரி மங்கி நிக்குது, தூரத்துல ஒரு மின்னல். வலது பக்கம் படகுல இருந்து ஒரு குழந்தைய பாறை மேல இருக்குறவங்க கிட்ட தூக்கிக் குடுக்குறாங்க, நடுவுல தண்ணி விழுற எடத்துல இன்னொரு படகு செங்குத்தா கவிழப் போகுது, பேழை ரொம்ப தூரத்துல கண்ண இடுக்கிப் பாத்தா தான் தெரியும். இடது பக்கம் பாறை மேல ஒரு பாம்பு ஊர்ந்து ஏறுது. எனக்கு இந்தப் படத்துல அந்தப் பாம்பு தான் எல்லாமே. மனுஷன் தப்பிக்க ஏறுற அதே பாறைல பாம்பும் ஏறுது. பாவத்தோட குறியீடுன்னு எடுத்துக்கலாம், அது சரி தான், ஆனா அதுக்கு முன்னாடி நெசமான வெள்ளத்துல மேட்டு எடத்துக்கு முதல்ல வர்றது பாம்பு தான்ங்கறதும் இருக்குல்ல, ரெண்டும் ஒரே கோட்டுல உக்காந்திருக்கு. நல்ல குறியீடு எப்பவுமே இப்படித் தான், முதல்ல அது அந்த எடத்துல இருக்கக்கூடிய பொருளா இருக்கணும், அப்புறம் தான் அர்த்தம்.

நிக்குற வெள்ளத்துக்கு ஐசக் லெவிட்டன், ரஷ்யாக்காரர், 1897ல வரைஞ்ச "வசந்தம், பெருவெள்ளம்", மாஸ்கோல ட்ரெட்யாகோவ் கேலரில இருக்கு. பனி உருகி வந்த தண்ணி, மெலிசு மெலிசா பிர்ச் மரங்க தண்ணில நிக்குது, கரையோரம் ஒரு காலிப் படகு, தூரத்துல குடிசைங்க, எல்லாம் இளநீலமும் வெளிர் மஞ்சளும். இங்க வெள்ளம்னா குளிர் முடிஞ்சுதுன்னு அர்த்தம். இதப் போய் அழிவுன்னு படிச்சா படம் நம்மளப் பாத்து சிரிக்கும். ஆனா அந்தக் காலிப் படகு மட்டும் கொஞ்சம் உறுத்தும், அத அப்படியே உறுத்த விடுங்க, எல்லாத்துக்கும் அர்த்தம் கண்டுபிடிச்சு மூடிட வேண்டியதில்ல.

மூணாவது, தண்ணியோட மேல்பரப்பு. இப்போ தான் தண்ணிக்கே வர்றோம். கண்ணாடி மாதிரி இருக்கா, சுழலா இருக்கா, ஒன்னையும் காட்டாத கலங்கலா இருக்கா? கண்ணாடின்னா வானமும் பூமியும் கலந்து போச்சு, எல்லை அழிஞ்சுதுன்னு ஒரு பேச்சு. சுழல்னா ஒழுங்கு கொலைஞ்சு எல்லாம் ஆரம்பத்துக்கே திரும்புதுன்னு ஒரு பேச்சு. லியோனார்டோ டா வின்சி தன்னோட கடைசிக் காலத்துல, 1517, 1518 வாக்குல, கருப்புச் சாக்பீஸ்ல ஒரு பிரளய வரிசை வரைஞ்சாரு, இங்கிலாந்துல விண்ட்சர்ல அரச குடும்பத்துத் தொகுப்புல இருக்கு, சின்னச் சின்னத் தாளு தான், ஆனா அதுல தண்ணி சுருள் சுருளா மலையையும் ஊரையும் சுத்திட்டு வருது. தண்ணி ஓட்டத்த தலைமுடியோட சுருளோட ஒப்பிட்டு அவரே குறிப்பு எழுதி வச்சிருக்காரு, அந்தக் கோடுகளப் பாத்தா ஏன்னு புரியும். அவரு வருஷக் கணக்கா தண்ணி எப்படி ஓடுதுன்னு கவனிச்சு எழுதினவரு, அதனால உலகம் முடியிறதக் கூட விதிப்படி தான் முடிக்கிறாரு.

சுழல்னா இங்கிலாந்து ஓவியர் டர்னர விட முடியாது. 1843ல ரெண்டு படத்த ஜோடியா காட்சிக்கு வச்சாரு, ஒன்னு பிரளயத்தோட மாலை, இன்னொன்னு பிரளயத்துக்கு அப்புறம் வர்ற காலை, ரெண்டும் லண்டன் டேட் கேலரியோடது. மாலை நீலமும் கருப்பும், காலை மஞ்சளும் சிவப்பும், ரெண்டுமே வட்டமா சுத்துது. உடனே இருட்டுன்னா சாவு, வெளிச்சம்னா நம்பிக்கைன்னு எழுதிடத் தோணும். அங்க தான் கவனம் வேணும், காலைப் படத்தோட அவரே சேத்துக் குடுத்த வரிகள்ல நம்பிக்கைய தண்ணிக் குமிழியோட சேத்துப் பேசுறாரு, மினுங்கும், வெடிச்சிடும். அதனால நிறத்த வச்சு மட்டும் தீர்ப்பு சொல்லாதீங்க.

நாலாவது கேள்வி சின்னது, ஆனா பலரு கேக்குறதில்ல: பாக்குற நாம எங்க நிக்குறோம்? படத்தோட கீழ் ஓரத்துல ஒரு துண்டு நிலம் இருந்தா நாம பத்திரமா கரைல நின்னு வேடிக்கை பாக்குறோம். கீழ் ஓரம் வரைக்கும் தண்ணின்னா நாமளும் உள்ள தான். ஓவியர் அந்த நாலு விரல் நிலத்த குடுத்தாரா இல்லையாங்கறதுல அவரோட மனசு தெரிஞ்சிடும்.

இதோட இன்னொன்னையும் சேத்துக்கணும், வெள்ளம் எந்த ஊரு வெள்ளம். எகிப்துல நைல் நதிக்கரைல அந்தக் காலத்துல வெள்ளம் வந்தா தான் வெளைச்சல், அதனால இத்தாலில பலெஸ்ட்ரினாவுல கெடைச்ச, சுமார் கி.மு. 100 வாக்கச் சேர்ந்த நைல் மொசைக்ல, அதாவது சின்னச் சின்னக் கல்லு பதிச்சு செஞ்ச படத்துல, வெள்ளத்துக்கு நடுவுல படகு போகுது, கோயில் நிக்குது, பந்தலுக்குக் கீழ உக்காந்து விருந்து நடக்குது. மொசைக் தான், பெயிண்டிங் இல்ல, ஆனா லேண்ட்ஸ்கேப்ல வெள்ளம்னா கொண்டாட்டம்னு காட்ட இத விட நல்ல சாட்சி கெடையாது. நெதர்லாந்துல கதையே வேற, கடல் மட்டத்துக்குக் கீழ இருக்குற நிலத்த அணை கட்டித் தான் காப்பாத்தி வச்சிருக்காங்க, அதனால அங்க உடைஞ்ச கரை தான் குறியீடு. யான் அசெலெய்ன் 1651ல ஆம்ஸ்டர்டாம் பக்கத்துல செயிண்ட் ஆண்டனி அணைக்கரை உடைஞ்சத வரைஞ்சிருக்காரு, அதுல தண்ணிய விட மனுஷன் கட்டினது பிளந்து நிக்குறது தான் பயத்தக் குடுக்கும். சீனாவுல பெருவெள்ளத்த அடக்கின யூ மன்னர் கதையால வெள்ளத்தக் கட்டுப்படுத்துறது நல்லாட்சியோட அடையாளமாவே ஆயிடுச்சு. சோங் அரச வம்சத்துக் காலத்து ஓவியர் மா யுவான் பன்னெண்டு பக்கம் தண்ணிய மட்டுமே வரைஞ்சாரு, அதுல மஞ்சள் நதிக்குன்னு ஒரு பக்கம், வெறும் கோடு தான், அது கையால முறுக்கின மாதிரி இருக்கும். நம்ம பக்கம் ஆலிலைல படுத்திருக்குற குழந்தைக் கிருஷ்ணன எடுத்துக்கோங்க, சுத்தி பிரளயம், ஆனா மொத்தப் படமும் நிம்மதி, மிச்சம் இருக்குற ஒரு இலை தான் அர்த்தத்த மாத்துது.

குழந்தைன்னதும் ஞாபகம் வருது, ஜான் எவரெட் மில்லே 1870ல வரைஞ்ச "ஒரு வெள்ளம்", மான்செஸ்டர்ல இருக்கு. 1864ல ஷெஃபீல்டு பக்கம் டேல் டைக் அணை உடைஞ்சு வந்த வெள்ளத்த மனசுல வச்சு வரைஞ்சது. மரத் தொட்டில் மிதக்குது, உள்ள குழந்தை மேல பாத்துட்டு இருக்கு, கால்மாட்டுல ஒரு கருப்புப் பூனை வாயத் தொறந்து கத்துது. ஆபத்து தெரிஞ்ச ஒரே ஆளு அந்தப் பூனை. தொட்டிலும் பூனையும் அவரு கண்டுபிடிப்பு இல்ல, 1421ல நெதர்லாந்துல வந்த செயிண்ட் எலிசபெத் வெள்ளத்தப் பத்தின கதைல ஏற்கனவே இருக்கு. பழைய குறியீட்ட புது வெள்ளத்துல மிதக்க விடுறது தப்பில்ல. அமெரிக்க ஓவியர் ஜான் ஸ்டூவர்ட் கரி 1935ல வரைஞ்ச "மிசிசிப்பி"ல கூரை மேல மாட்டிக்கிட்டது ஒரு கருப்பினக் குடும்பம், அங்க கேள்வியே யாரோட வீடு முங்குதுங்கறது தான். ஆளுங்க இருக்குற வெள்ளப் படத்துல இந்தக் கேள்விய கட்டாயம் கேளுங்க.

சரி, இனி வரையிறதுக்கு வருவோம்.

முதல்ல அந்த எடத்த காஞ்ச நிலமா வரைஞ்சுக்கோங்க, லேசா பென்சில்ல, ரோடு, சுவரு, வேலி, படிக்கட்டு எல்லாம். அப்புறம் தண்ணி எவ்வளவு உயரம்னு முடிவு பண்ணுங்க, முழங்காலா, இடுப்பா, ஜன்னல் அடியா. முழங்கால் உயரம்னா தொந்தரவு, இடுப்புன்னா பயம், ஜன்னல் தாண்டினா வீடே போச்சு, ஒவ்வொன்னுக்கும் படத்தோட பேச்சு மாறிடும், அதனால இத தோராயமா விடாதீங்க. தண்ணி ஒரே மட்டம், அதனால சுவருங்க மேல தண்ணி தொடுற கோடு எல்லாமே படுக்கைவாட்டக் கோடுக்குரிய பர்ஸ்பெக்டிவ்ல (தூரம் போகப் போக ஒரே புள்ளில சேருற விதில) தான் போகணும், பக்கச் சுவத்துல அந்தக் கோடு ஜன்னல், கூரை கோடுங்க சந்திக்கிற அதே தொடுவானப் புள்ளிக்கு ஓடும். நீங்க படகுல உக்காந்து பாக்குற மாதிரின்னா கண்ணு தண்ணிக்குப் பக்கத்துல இருக்கும், அப்போ அந்தக் கோடுங்க கிட்டத்தட்ட நேராவே ஆயிடும். ரோடு சரிவா இருந்தா இன்னும் நல்லது, ஒரே வேலியோட கம்பங்க ஒன்னுக்கு அப்புறம் ஒன்னு குட்டையாகிட்டே போய் கடைசில நுனி மட்டும் நிக்கும், வெள்ளம்னு கத்தாமலே புரிஞ்சிடும்.

நிறம். வெள்ளத் தண்ணிக்கு நீலத்த எடுத்தீங்கன்னா அது நீச்சல் குளம். மண்ணு கலந்த தண்ணிக்கு எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், அத அடக்க கொஞ்சம் அல்ட்ராமரீன், இவ்வளவு போதும். ஆனா முழுத் தண்ணிக்கும் ஒரே காவி அடிச்சிடாதீங்க. காலுக்குப் பக்கத்துல இருக்குற தண்ணிய நாம மேல இருந்து கீழ பாக்குறோம், அங்க சேறோட நிறம் தெரியும், தூரம் போகப் போக பார்வை சாய்வாகி தண்ணி வானத்த தான் அதிகமா திருப்பி அனுப்பும். அதனால முன்னாடி காவி, பின்னாடி போகப் போக வானத்து வெள்ளி. இந்த ஒரு மாற்றத்துலயே ஒரு கதை இருக்கு, தூரத்துல இருந்து பாக்குறவனுக்கு வெள்ளம் அழகு, உள்ள நிக்குறவனுக்கு சேறு. மேகமூட்டமா வரைஞ்சீங்கன்னா இந்த வித்தியாசம் நல்லா எடுபடும்.

பிம்பத்துல நெறைய பேரு கோட்ட விடுறது, கலங்கல் தண்ணிலயும் கண்ணாடி மாதிரி கருப்பு பிம்பம் போடுறது. சேறு கலந்த தண்ணிக்குள்ள வெளிச்சம் பட்டு சிதறி வெளிய வரும், அது பிம்பத்து மேல ஒரு படலமா சேந்துக்கும், அதனால கருப்பு மரத்தோட பிம்பம் மரத்த விட வெளிறி, காவி ஏறி இருக்கணும். இன்னொன்னு, தெளிஞ்ச தண்ணி மேல நிழல் அவ்வளவா விழாது, கலங்கல் தண்ணி மேல நல்லாவே விழும். வெயில் அடிக்கிற வெள்ளப் படம்னா பிம்பமும் நிழலும் ரெண்டுமே போடலாம், பிம்பம் உங்கள நோக்கி நேரா இறங்கும், நிழல் வெயிலுக்கு எதிர்ப்பக்கமா போகும், ரெண்டும் வேற வேற திசைல கெடந்தா தான் தண்ணி கனமா, மண்ணா தெரியும். பிம்பத்தோட நீளத்த தண்ணி தொடுற எடத்துல இருந்து அளங்க. உங்க பக்கம் சாஞ்ச கம்பத்துக்கு பிம்பம் நீளமாகும், அந்தப் பக்கம் சாஞ்சா குறையும்.

ஓட்டம் இருக்கா இல்லையான்னு முடிவு பண்ணிட்டு அதுலயே நில்லுங்க. ஓடுற தண்ணின்னா கம்பத்துல தண்ணி வந்து மோதுற பக்கம் கொஞ்சம் ஏறி முட்டும், குப்பையும் குச்சியும் அந்தப் பக்கம் தான் மாட்டிக்கும், பின்பக்கம் ரெண்டா பிரிஞ்சு வரி வரியா போகும். நிக்குற தண்ணின்னா இது எதுவும் கூடாது, ஃப்ளாட் பிரஷ்ஷ படுக்கைவாட்டத்துல இழுத்து விட்டு கைய எடுத்துடுங்க. வாட்டர்கலர்ல பேப்பர் ஈரமா இருக்குறப்பவே வானத்தையும் தண்ணியையும் ஒரே மூச்சுல போட்டுட்டு, காயிறதுக்கு முன்னாடி சுத்தமான ஈர பிரஷ்ஷால ரெண்டு மூணு மெல்லிசு படுக்கைக் கோடு இழுத்து நிறத்த எடுத்தீங்கன்னா போதும், காத்து தொட்ட எடம் மாதிரி வரும்.

மிதக்குற பொருளுக்கு வருவோம், இங்க தான் எனக்கு கோபம் வரும். பொம்மை மிதக்க விடாதீங்க. ஒத்தச் செருப்பு வேண்டாம். தண்ணிக்கு மேல நீட்டின கை வேண்டவே வேண்டாம். பாக்குறவங்க அழணும்னு வச்ச பொருள் தனியா தெரிஞ்சிடும், அவங்க அழவும் மாட்டாங்க. அந்த எடத்துல நெசமா எது மிதக்கும்னு யோசிங்க, வைக்கோல், மரக்கட்டை, காலி பிளாஸ்டிக் கேன், கழண்டு வந்த கதவு. கதவு ஒன்னு படுக்கையா மிதந்தா அதுவே எவ்வளவோ பேசுது, அதுக்கு மேல ஒரு கோழி நின்னா இன்னும் பேசும், ஆனா கோழி வரையத் தெரியணும்.

வடிஞ்ச வெள்ளத்த ஒரு தடவையாவது வரைஞ்சு பாருங்கன்னு சொல்வேன். தண்ணியே இருக்காது, ஆனா எல்லாச் சுவத்துலயும் ஒரே உயரத்துல ஒரு கறைக் கோடு. தரை எப்படி ஏறி இறங்கினாலும் அந்தக் கோடு மட்டத்த விட்டு மாறாது, ஒரு வீட்டுல படிக்கட்டு வரைக்கும், பள்ளத்துல இருக்குற அடுத்த வீட்டுல ஜன்னலுக்கு மேல. கோட்டுக்குக் கீழ சுவரு ஈரத்துல கருத்து, அடில சேறு. மரக்கிளைல தொங்குற வைக்கோலும் துணியும் எல்லாமே ஓட்டம் போன திசைப் பக்கமா சாஞ்சு இருக்கும். வேலியும் அதே பக்கம் படுத்திருக்கும். இந்தத் திசைய எல்லாப் பொருள்லயும் ஒன்னா வச்சுட்டா தண்ணி வரையாமலே வெள்ளம் அங்க இருக்கும், ஒன்னு ரெண்டு எடத்துல மாத்திட்டீங்கன்னா வெறும் அழுக்குத் தெருவா போயிடும், அதனால பென்சில் கட்டத்துலயே ஒரு அம்புக்குறி போட்டு வச்சுக்கோங்க.

கடைசியா தலைப்பு. "சீற்றம்", "கண்ணீர்", "ஊழி"ன்னு வச்சீங்கன்னா பாக்குறவங்களுக்கு வேலையே இல்லாம பண்ணிடுறீங்க. சிஸ்லே அந்தப் படங்களுக்கு "போர்-மார்லியில் வெள்ளம்"ங்கற மாதிரி தான் பேரு வச்சாரு. ஊரு பேரும் வருஷமும் எழுதிட்டு, பின்பக்கம் தண்ணி எந்த உயரத்துல நின்னுதுன்னு பென்சில்ல குறிச்சு வைங்க, அடுத்த படத்துக்கு உதவும்.